மருந்துப் பதிவேடு யாருக்காக?

மருந்துக் கடை ஒவ்வொன்றிலும் கல்லாவுக்கு அருகே ஒரு புத்தகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எச்-1 அட்டவணையில் உள்ள மருந்தை விற்றால், எழுதிக் கொடுத்த வைத்தியர் யார், வாங்கிய நோயாளி யார், மருந்து எது, அளவு எவ்வளவு என்று கடைக்காரர் அதில் குறித்துவைக்க வேண்டும். 2013 ஆகஸ்டில் பிறந்து 2014 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த விதி இது. முதலில் 46 மருந்துகள் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பதிவேட்டை மூன்று வருஷம் பாதுகாத்து, அதிகாரி கேட்கும்போது காட்ட வேண்டும். மூன்று வருஷம் கழிந்தபின் அது எடைக்குப் போனாலும் கேட்பாரில்லை. அதற்குள் சர்க்கார் அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டது என்பதே நமது கேள்வி.

இக்கேள்வி கொங்கு நாட்டாருக்கு வெறும் ஏட்டுப் பிரச்னையன்று. வலி தீர்க்கும் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வாலிபர்களைப் பற்றிய போலீஸ் செய்திகள் கோவை வாசகர்களுக்குப் பழகிப்போய்விட்டன. ட்ரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. பின்னர் டபென்டடாலின் பெயர் அடிபடலாயிற்று. ஒரு மருந்துக்குக் கதவை அடைத்தால் இன்னொன்று ஜன்னல் வழியாக நுழைகிறது. பிள்ளையைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பிவிட்டுக் காட்டிலும் தறியிலும் உழைக்கும் பெற்றோருக்கு இச்செய்தி எட்டும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

பதிவேடு இருந்தும் இது ஏன் நடக்கிறது? காரணம் எளிது. ஒருவன் காந்திபுரத்தில் ஒரு கடையிலும், சிங்காநல்லூரில் ஒன்றிலும், திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் ஒவ்வொன்றிலும் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கினால், நான்கு புத்தகங்களில் நான்கு வரிகள் ஏறும். தனித்தனியே பார்த்தால் நான்கும் ஒழுங்கான வரிகளே. சேர்த்துப் பார்த்தால்தான் குற்றம் தெரியும். வாளையாறைத் தாண்டிப் பாலக்காட்டில் அவன் வாங்கியது எந்த அதிகாரி கண்ணில் படப்போகிறது? பதிவேட்டைத் திருத்தமாக எழுதும் நாணயமான கடைக்காரருக்கு உழைப்பு மட்டுமே மிச்சம். எழுதாமல் விற்பவனுக்கோ லாபம்.

அமெரிக்காவில் இச்சேர்க்கை வேலையை ராஜ்யங்கள் செய்கின்றன. கலிபோர்னியா 1939-இலேயே தொடங்கியது. கடைசியாக மிசௌரி 2021-இல் சட்டம் செய்தது. வைத்தியர் சீட்டு எழுதுமுன் நோயாளி ஏற்கெனவே எங்கே என்ன வாங்கினார் என்று பார்க்கலாம். ஆனால் அந்நாட்டு அனுபவத்தில் எச்சரிக்கையும் உண்டு. சந்தேகத்திற்கு அஞ்சிய சில வைத்தியர்கள், நெடுநாள் வலி நோயாளிகளுக்குத் திடீரென்று மருந்தை நிறுத்தினார்கள். 2016-இல் வெளியான வழிகாட்டி நெறிகள் தவறாகப் பிரயோகிக்கப்பட்டன என்று 2022-இல் அவற்றைத் திருத்திய மத்திய ஸ்தாபனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இப்பாடத்திற்கு நாம் கடல் கடந்து போகவும் வேண்டியதில்லை. அபினியைச் சட்டப்படி விளைவித்து, காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் ஆலைகளில் பதப்படுத்தும் தேசம் நம்முடையது. அப்படியிருந்தும் 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின், பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் நம் ஆஸ்பத்திரிகளில் மார்பின் உபயோகம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தது. வைத்தியர் எழுத அஞ்சினார். ஆஸ்பத்திரி வாங்கிவைக்க அஞ்சிற்று. புற்றுநோயாளி இரவெல்லாம் துடித்தார். டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் 1993-இல் கோழிக்கோட்டில் வலித் தணிப்பு நிலையம் கண்டு விடாது போராடினார்கள். பல அனுமதிகளுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்ற திருத்தம் வருவதற்கு 2014 ஆயிற்று. கள்ளனைப் பிடிக்கச் செய்த சட்டம் நோயாளியை 29 வருஷம் தண்டித்தது.

ஆகவே பதிவேடுகளை ஒன்று சேர்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. யாருக்காகச் சேர்ப்பது என்றே கேட்கிறோம். நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. எச்-1 அட்டவணையில் க்ஷயரோக மருந்துகள் பலவும் உண்டு. அந்நோயாளிகளைப் பற்றிச் சர்க்காருக்குத் தெரிவிப்பது 2012-இல் தனியார் வைத்தியர்களுக்கும், 2018 மார்ச்சில் மருந்துக் கடைக்காரர்களுக்கும் கடமையாக்கப்பட்டது. ஆனால் பெயரைக் கேட்ட சர்க்கார் கையையும் நீட்டிற்று: 2018 ஏப்ரல் முதல் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. கொடுப்பதற்காகக் கேட்கும் கணக்குக்கும் பிடிப்பதற்காகக் கேட்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஜனங்கள் நன்றாக அறிவார்கள்.

அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அதில் கைவைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்திற்கு மிஞ்சாத அளவும் வேண்டும். 2023-ஆம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்களித்துக்கொள்ள இடம் வைத்திருக்கிறது. மனநோய்க்கு மருந்து உண்ணும் பெண்ணின் பெயர் ஊரில் பரவினால், அந்த விலக்கு அவளுடைய வாழ்வை மீட்டுத் தருமா?

எனவே நாம் கோருவது இது. பதிவேடு முதலில் வைத்தியருக்கும் மருந்தாளருக்கும் பயன்பட வேண்டும். போலீஸார் நோயாளியின் பெயரைக் காண வேண்டுமானால் நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். பெயர்களை நீக்கி, எந்த ஜில்லாவில் எந்த மருந்து எவ்வளவு விற்றது என்ற கணக்கை வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அடிமைப்பட்டவன் என்று தெரிந்தால், வாசலில் முதலில் நிற்பவர் வைத்தியராக இருக்க வேண்டும்; கான்ஸ்டபிளாக அல்ல. சுற்று ஜில்லாக்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் கோவையில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

மருந்து வியாபாரத்தைப் பற்றி விசாரிக்க 1930-இல் கர்னல் சோப்ரா தலைமையில் கமிட்டி அமைந்தது. அடுத்த வருஷமே அறிக்கை வந்தது. சட்டம் வந்ததோ 1940-இல். அன்று ஆண்டவர்கள் அந்நியர். ஜனங்களின் உயிர் அவர்களுக்கு அவசரமாகப் படவில்லை. இன்று ஆள்பவர்கள் நாம் அனுப்பியவர்கள். அவர்களும் புத்தகத்தை எழுதச் சொல்லிவிட்டுப் படிக்காமலே இருந்தால், அந்தச் சாக்கும் அவர்களுக்கு இல்லை.