பச்சை டிக்கை நம்பினோம்

தப்பு யாருடையது என்று தேடினோம். தனியாக ஒரு பெயரும் அகப்படவில்லை. எங்கள் குழுவில் எல்லார் கையும் அதில் பட்டிருக்கிறது. அதனால் எல்லாரும் சேர்ந்தே ஒப்புக்கொள்கிறோம்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் செக்கவுட் வி1-ஐ வி2 ஆக்கினோம். மாறியது ஒரே ஓர் இலக்கம். மூன்று பேர் அப்ரூவ் செய்தோம்; ஒருவர்கூட ரிலீஸ் குறிப்பைத் திறக்கவில்லை. வி1 முழு ஹிஸ்டரியையும் இறக்கும். 2019-இல் வந்த வி2, நாம் ஆழம் (ஃபெட்ச் டெப்த்) சொல்லாவிட்டால் கடைசி கமிட்டை மட்டும் எடுத்து வரும். பழைய கமிட்கள் வராது, டேக்கும் வராது. குறிப்பிலேயே அது தெளிவாக இருந்தது.

முதலில் வெர்ஷன் எண் கெட்டது. டேக்கைப் பார்த்து எண் போடும் எங்கள் பைதான் பேக்கேஜ், டேக் கிடைக்காமல் 0.1.டெவ்1 என்று வந்து நின்றது. “அண்ணா, வெர்ஷன் ஏன் இப்படி வருது?” என்று டெஸ்டிங் தம்பி கேட்டான். ரீரன் கொடுத்துப் பார் என்றோம். அப்புறம் எண்ணைக் கையால் எழுதி வைத்தோம். அவன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருந்தான்.

பெரிய கேடு வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. மாறிய ஃபைல்களுக்கு உரிய டெஸ்ட்களை மட்டும் ஓட்ட ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தோம். மெயினிலிருந்து நம் பிராஞ்ச் எங்கே பிரிந்தது என்று கிட்டுக்குத் தெரிந்தால்தான் அந்தப் பட்டியல் கிடைக்கும். ஆழம் 1-இல் பிரிந்த இடமே மெஷினில் இல்லை. மெர்ஜ் பேஸ் இல்லை என்று கிட் ஒவ்வொரு முறையும் சொன்னது. ஆனால் அந்த வரியின் கடைசியில், பிழை வந்தாலும் மேலே போ என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம். பட்டியல் காலி. ஓடிய டெஸ்ட் பூஜ்யம். பில்ட் பச்சை.

லாக்கில் ஃபேடல் என்ற சொல் மாதக்கணக்கில் இருந்தது. டிக் பச்சையாக இருந்ததால் லாக்கை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. பில்ட் சீக்கிரம் முடிகிறதே என்று மகிழ்ந்தோம். ஏன் சீக்கிரம் முடிகிறது என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். ஆழமில்லாத குளோனைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அது பிழையை மறைக்கவில்லை; வாயை அடைத்தது நாங்கள்.

இப்போது ஹிஸ்டரி தேவைப்படும் இரண்டு ஜாப்களில் மட்டும் ஃபெட்ச் டெப்த் 0, அதாவது முழு ஹிஸ்டரி. பிழையை விழுங்கிய வரியை எடுத்துவிட்டோம். ரிப்போ ஷாலோவா, அதாவது ஆழமில்லாத குளோனா என்று கிட்டிடமே முதலில் கேட்கிறோம். ஆம் என்றால் பில்ட் அங்கேயே நிற்கும்.

பிறகு மொத்த டெஸ்ட்களையும் மெயினில் ஓட்டினோம். வரிசையாக விழுந்தன. எந்த கமிட்டில் உடைந்தது என்று பைசெக்ட் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை சிக்கிய இரண்டு பிழைகளும் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டவை. அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை இன்று எல்லாருமாக உட்கார்ந்து எழுதுகிறோம்.