குளிர்ப் பிரதேசங்களில் திராட்சை சாகுபடி

மது வடிக்கும் திராட்சை மிதமான சீதோஷ்ணமுள்ள தேசங்களுக்கே உரியது என்பது நெடுநாளைய எண்ணம். அது முற்றிலும் சரியன்றென்பதை வட அமெரிக்காவிலுள்ள மின்னசோட்டா மாகாணத்தாரின் அனுபவம் காட்டுகின்றது. அங்குப் பனிக்காலத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 சென்டிகிரேட் டிகிரியையும் எட்டுவதுண்டு. பேர்போன ஐரோப்பியத் திராட்சை வகைகளின் மொக்குகளோ பெரும்பாலும் 25 டிகிரிக்கு முன்னரே கருகி மாளும்.

இதற்குப் பரிகாரங்கள் இரண்டு. ஒன்று, பனிக்காலத்துக்கு முன் கொடிகளை வளைத்துப் படுக்கவைத்து மண்ணால் மூடி, வசந்தத்தில் மீண்டும் எடுத்துக் கட்டுதல். சீன தேசத்து நிங்சியா பிரதேசத்தில் இதுவே பெருவழக்கு. கொடி பிழைக்கும்; ஆயினும் ஆண்டுதோறும் இருமுறை கூலிச் செலவு உண்டு; வளைக்குங்கால் தண்டு முறிதலும் உண்டு. மற்றொன்று, குளிரைத் தாங்கும் கொடியையே உண்டாக்கிக்கொள்ளுதல். குடியானவருக்கு நிலையான லாபம் தருவது இப்பின்னதே.

இதற்கு வழிகாட்டியவர்களுள் விஸ்கான்ஸின் மாகாணத்துக் குடியானவரான எல்மர் ஸ்வென்ஸன் முக்கியமானவர். அவர் 1943ஆம் ஆண்டு முதல், ஆற்றங்கரைகளில் தானே வளரும் காட்டுத் திராட்சையின் வம்சத்தை நல்ல வகைகளோடு கலந்து புதிய வகைகளை உண்டாக்கினார். மின்னசோட்டா சர்வகலாசாலையார் 1996இல் பிராண்டினாக், 2006இல் மார்க்கெட் என்னும் வகைகளை வெளியிட்டனர். பின்னது பிரான்ஸ் தேசத்துப் பினோ நுவாரின் வழிவந்தது.

இவ்வகைகளிலும் குறைகளில்லாமலில்லை. காட்டு வம்சத்தால் பழத்தில் புளிப்பு மிகும். ஆதலால் நன்கு பழுத்த பின்னரே பறித்தல் வேண்டும். மொக்கு முந்தி விடுவதால் வசந்தப் பனியால் சேதமும் நேரும். குளிர்ந்த காற்று பள்ளத்திலே தேங்குமாதலின், வடிகாலுள்ள மேட்டுச் சரிவே ஏற்ற இடம். பருவத்தின் பிற்பகுதியில் தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் தண்டு முதிராமல் பனிக்கு இரையாகும்.

திராட்சை நட்டு மூன்றாம் ஆண்டளவில்தான் பலன் தரத் தொடங்கும். பந்தலுக்கும் கம்பிக்கும் முதல் போட்ட பின்னர் ஒரே குளிர்காலத்தில் கொடி மாண்டால் அந்நஷ்டம் நிலச்சொந்தக்காரரையே சாரும். ஆதலின் வகையின் கீர்த்தியை நோக்கி நிலத்தை வற்புறுத்துவதினும், நிலத்தை நோக்கி வகையைத் தெரிந்து, முதலிற் சிறு பரப்பில் சோதித்துப் பின் விஸ்தரிப்பதே விவேகமாகும்.