விக்கலாமா, வாடகைக்கு விடலாமா?

போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணு போன் பண்ணினா. "சித்தி, அவருக்கு ஐதராபாத்துல வேலை மாத்திட்டாங்க. ஜூன்ல கிளம்பணும். குரோம்பேட்டை ஃபிளாட்டை வித்துடலாமா, வாடகைக்கு விடலாமா? உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே"ன்னு கேட்டா.

அனுபவமா! பத்து வருஷம் பட்டதுக்கு இப்படி ஒரு கௌரவமான பேர் இருக்கறது எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சு :-)

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். முடிச்சூர்ல எங்களுக்கு ஒரு தனி வீடு. 2003-ல பதினாலு லட்சத்துக்கு வாங்கினது. கொல்லையில மாமியார் வெச்ச ரெண்டு தென்னை, ஒரு மாதுளை. 2014-ல ரங்கமணிக்கு புனேக்கு மாற்றல் வந்துச்சு. அப்பவே ஒருத்தர் 55 லட்சத்துக்குக் கேட்டார். "வீட்டை விக்கறதாவது! ரிட்டையர் ஆனதும் இங்கதானே வரப்போறோம்"னு மாமியார் ஒரே பிடி. உண்மையச் சொன்னா எனக்கும் மனசில்லை. மாசம் ஒன்பதாயிரத்துக்கு வாடகைக்கு விட்டுட்டு ரயில் ஏறிட்டோம்.

முதல் வருஷம் சுகமாத்தான் போச்சு. மாசாமாசம் அஞ்சாம் தேதி பணம். சும்மா வர்ற பணம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சும்மா வரலைங்க. ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும், "அக்கா, மோட்டார் ஓடலை"ன்னு. புனேல உக்காந்துக்கிட்டு முடிச்சூர்ல மோட்டாருக்கு ஆள் பிடிக்கணும். வர்றவர் காயில் போச்சும்பார். போச்சா இல்லையான்னு யார் போய்ப் பாக்கறது? சொன்ன காசை அனுப்ப வேண்டியதுதான்.

அப்புறம் வந்துச்சு 2015 டிசம்பர்.

டிவில அடையாறு ஓடறதைப் பாத்துக்கிட்டே நம்பரை அமுக்கறேன், அமுக்கறேன், லைனே கிடைக்கலை. ரெண்டு நாள். உள்ள இருந்தது புருஷன், பொண்டாட்டி, எழுபது வயசு பாட்டி. மூணாவது நாள்தான் பேச முடிஞ்சுது. மார்பளவு தண்ணி. பாட்டியைத் தூக்கிக்கிட்டு எதிர்வீட்டு மாடிக்குப் போயிருக்காங்க. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக், பொண்ணோட சர்ட்டிபிகேட் எல்லாம் போச்சு. அந்தம்மா போன்ல அழலை. "அக்கா, உங்க வீட்டுக் கதவெல்லாம் உப்பிடுச்சு, மன்னிச்சுக்கங்க"ன்னு சொன்னாங்க. அன்னிக்கு நான் அழுதேன்.

மூணு மாச வாடகை வேண்டாம்னுட்டோம். தரை, கதவு, ஒயரிங்னு ஒண்ணேகால் லட்சம் செலவாச்சு. அதெல்லாம் பெரிசில்லை. தண்ணி வர்ற இடம்னு தெரிஞ்ச பிறகு இன்னொரு குடும்பத்தை அங்க குடிவெச்சு, நாம பல நூறு மைலுக்கு அந்தப்பக்கம் நிம்மதியாத் தூங்கலாமா? இந்தக் கேள்வி மட்டும் என்னை விடவேயில்லை. ஆனாலும் எட்டு வருஷம் இழுத்தோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து மறுபடி முழங்கால் அளவு தண்ணி ஏறினப்பதான், "போதும், வித்துடு"ன்னு மாமியாரே சொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் உக்காந்து ஒழுங்காக் கணக்குப் போட்டேன். 2014-லயே போட்டிருக்க வேண்டியது.

கடைசியா வந்த வாடகை மாசம் பதினஞ்சாயிரம், வருஷத்துக்கு 1,80,000. ஆள் மாறும்போது வீடு காலியாக் கிடந்தது, சொத்து வரி, பெயிண்ட், ரிப்பேர், நாங்க வந்து போற ரயில் செலவு எல்லாம் சராசரியாக் கழிச்சா கையில நின்னது 1,20,000 சொச்சம். வீடு போனது 72 லட்சத்துக்கு. அப்படின்னா ஒண்ணேமுக்கால் சதவீதம்கூட இல்லை!

"ஏன், வீட்டு விலை ஏறலையா? பதினாலு 72 ஆகியிருக்கே"ன்னு கேப்பீங்க. இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். பதினாலு லட்சம்கிறது 2003 கதை. நாங்க முடிவெடுக்க வேண்டியிருந்தது 2014-ல. அன்னிக்கு விலை 55. பத்து வருஷத்துல 55 லட்சம் 72 ஆனா, வருஷத்துக்கு மூணு சதவீதம்கூட இல்லை. வாடகையையும் சேர்த்தாலும் நாலரைதான் வருது. பேசாம பேங்க்ல போட்டிருந்தாலே கூடக் கிடைச்சிருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு போனும் வந்திருக்காது.

அதனால கிளம்பற அன்னிக்குக் கேட்டுக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "இந்த வீட்டு விலை ரொக்கமா என் கையில இருந்தா, வாடகைக்கு விடறதுக்காகன்னே இதே வீட்டை இன்னிக்கு வாங்குவேனா?" மாட்டேன்னா, நீங்க வெச்சிருக்கறது வீடில்லை, ஞாபகம். ஞாபகத்தை வெச்சுக்கறதுல தப்பில்லை. ஆனா அதுக்கு முதலீடுன்னு பேர் வைக்காதீங்க.

விக்கும்போது இன்னொரு சோதனை. வாங்க வந்தவர் முதல்ல கேட்டது, "மழைக்குத் தண்ணி வருமா சார்?" புரோக்கர் எங்களுக்குக் கண்ணைக் காட்டறார். ரங்கமணி அசரலை. "2015-ல மார்பளவு, 2023-ல முழங்கால்"னு சொல்லிட்டார். 76 லட்சம்னு பேசினது 72-க்கு இறங்கிச்சு. புரோக்கர் ரெண்டு நாள் எங்களோட பேசலை :-( ஆனா வாங்கினவர் விஷயம் தெரிஞ்சு, தரையை உசத்திக் கட்டறதுன்னு முடிவு பண்ணித்தான் வாங்கினார். நாலு லட்சத்துக்கு வாங்கின தூக்கம்னு வெச்சுக்கங்க.

வரி விஷயமும் சொல்லிடறேன். 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின சொத்துன்னா, உள்நாட்டுல இருக்கறவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. விலைவாசிக் குறியீட்டைச் சேர்க்காம 12.5 சதவீதம், இல்லைன்னா சேர்த்து 20 சதவீதம். நாங்க வித்தது 2024 அக்டோபர். முதல் வழில ஏழேகால் லட்சம், ரெண்டாவதுல அஞ்சு லட்சத்துச் சொச்சம். ரெண்டையும் போட்டுப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. வித்த ரெண்டு வருஷத்துக்குள்ள அந்த லாபத்துல இன்னொரு குடியிருப்பு வீடு வாங்கினா விலக்கும் உண்டு. புனேல ஃபிளாட் வாங்கி நாங்க அதைத்தான் பயன்படுத்திக்கிட்டோம்.

இத்தனையும் கேட்டுட்டு, "அப்ப வித்துடுங்கறீங்களா சித்தி?"ன்னா அக்கா பொண்ணு.

இல்லைன்னுட்டேன். அவ கதை வேற. அது ரெண்டு வருஷ ப்ராஜெக்ட், திரும்பி வர்ற தேதி கடுதாசியிலேயே இருக்கு. ரெண்டு தெரு தள்ளி அக்காவும் அத்திம்பேரும் இருக்காங்க, குழாய் ஒழுகினா நடந்து போய்ப் பாத்துக்கலாம். இப்ப வித்துட்டு திரும்பி வந்து வாங்கினா, முத்திரைத்தாளுக்கு 7, பதிவுக்கு 2ன்னு ஒன்பது சதவீதம் தண்டம் அழணும். அவ வாடகைக்கு விடறதுதான் சரி.

ஆனா வாய்வார்த்தையா விடாதேன்னேன். 2019-ல நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். பழைய சென்னை வழக்கப்படி பத்து மாச அட்வான்ஸ் கேக்காதே, தனியா ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல மூணு மாசம்தான் கணக்கு. ஒரு மாச வாடகையைத் தொடாம ரிப்பேருக்குன்னு எடுத்து வை. குடிவர்றவங்களை ஒரு தடவையாவது நேர்ல பாத்துப் பேசு.

என் கட்சி இதுதான். திரும்பி வர்ற தேதி கையில இருந்தா வாடகைக்கு விடுங்க. திரும்பி வரணும்கிற ஆசை மட்டும் இருந்தா வித்துடுங்க. நாங்க ஆசையைத் தேதின்னு நினைச்சுப் பத்து வருஷம் ஓட்டினோம். ரங்கமணி ரிட்டையர் ஆனப்ப பையன் புனேல, பேத்தி புனேல. மாமியாரே முடிச்சூர் பேச்சை எடுக்கலை.

பத்திரம் பதிஞ்ச அன்னிக்கு மாமியார் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "தென்னை ரெண்டையும் வெட்டிடாம இருப்பாரா?"ன்னு. வாங்கினவர், "காய் வெட்டறப்ப சொல்றேன்மா, வந்து எடுத்துக்கங்க"ன்னார். போன பொங்கலுக்குச் சென்னை போனப்ப பத்துக் காய் குடுத்தனுப்பினார். மாமியார் அதுல ஒண்ணை உடைக்காம புனேல சாமி ரூம்ல வெச்சிருக்காங்க. முளை விட்டிருக்கு. மூணாவது மாடி ஃபிளாட்டுல தென்னம்பிள்ளையை எங்க நடறதுன்னுதான் இப்பத்திய பிரச்சினை :-)