உயிருள்ள பல்லைக் கொல்வானேன்?

கல்லூரி மலரில் பல்லைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கும் பல் வேண்டுமல்லவா? விலங்கியல் மாணவன் என்ற முறையில் என் உள்ளத்தில் எழுந்த கருத்தொன்றை இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

பல் என்பது கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. வெளியே எனாமல், அதனுள் டென்டைன், அதற்கும் உள்ளே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழ். இக்கூழின் விளிம்பில் வரிசையாக நிற்கும் செல்களே டென்டைனை உண்டாக்குகின்றன. பல் முளைத்த பின்னும் அவை ஓய்வதில்லை. சொத்தை நெருங்கி வந்தால் புதிய டென்டைனைச் சுவர்போல் எழுப்பிக் கூழைக் காக்க முயல்கின்றன.

சொத்தை கூழைத் தொட்டுவிட்டால் நாம் செய்வதென்ன? வசதியுள்ளவர் 'ரூட் கெனால்' எனும் வேர்ச் சிகிச்சை செய்துகொள்கிறார். வேரின் நுனிவரை கூழ் முழுவதையும் எடுத்துவிட்டு, வெற்றிடத்தை அடைத்து, மேலே உறை போடுகிறார்கள். இதற்குப் பணமும் வேண்டும். பெரும்பாலும் பலமுறை நடக்கவும் வேண்டும். வசதியற்றவர் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார். இருபது வயதிலேயே கடைவாய்ப் பல்லை இழந்தவர்கள் எங்கள் விடுதியிலும் உண்டு.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கூழில் கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, நலமாக உள்ளதை மருந்திட்டு மூடி, உயிரோடு காப்பதே அது.

இது வெறும் ஆசையன்று. 1965-இல் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் அழிந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலோ, துளையில் உணவு அடைந்துகொண்ட போதிலும், கூழ் பிழைத்துப் புதிய டென்டைன் பாலம் கட்டியது. பகைவன் கிருமியே, காயமன்று என்பது அன்றே விளங்கிற்று.

1978-இல் ஸ்வீடனின் க்வெக், உடைந்து கூழ் வெளிப்பட்ட 60 முன்பற்களில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவு கூழை மட்டும் அகற்றி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடியதை வெளியிட்டார். 58 பற்கள் குணமாயின! 1993-இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாட் குழுவினர், வீடு கட்டும் போர்ட்லண்டு சிமென்டின் இனத்தைச் சேர்ந்த, ஈரத்திலும் இறுகும் பற்சிமென்டை அறிமுகம் செய்தனர். பிறகு ஈரானில், கடும் அழற்சியால் வலி கண்ட கடைவாய்ப் பற்களுடன் வந்த 407 பேரை இரு பிரிவாக்கி ஆய்ந்தார்கள். 2015-இல் வெளியான ஐந்தாண்டு முடிவில், கூழ் காத்த பிரிவில் சுமார் 78 விழுக்காடும் வேர்ச் சிகிச்சைப் பிரிவில் சுமார் 75 விழுக்காடும் வெற்றி. ஒன்றுக்கொன்று சளைத்ததன்று என்பது தெளிவு.

எல்லாப் பல்லுக்கும் இது ஏற்குமா? ஏற்காது. கூழ் முழுதும் செத்துச் சீழ் பிடித்த பல்லுக்கு, அதைக் காக்க வேண்டுமானால், வேர்ச் சிகிச்சையே வழி. கெட்ட பகுதியை நீக்கிய பின் சில நிமிடங்களில் இரத்தம் நிற்கிறதா என்று மருத்துவர் பார்த்தே முடிவு செய்ய இயலும். மேலடைப்பு சிறிதும் கசியாமல் இருத்தல் வேண்டும். பின்னரும் அவ்வப்போது சோதித்துப் பார்த்தல் வேண்டும். ஆனால் இவை கவனத்திற்குரிய நிபந்தனைகளே தவிர, முறையையே ஒதுக்குவதற்குக் காரணங்களல்ல.

குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லின் வேர் முழுமை பெற மேலும் மூன்றாண்டுகள் ஆகும். அதற்குள் கூழைக் கொன்றுவிட்டால் வேர் மெலிந்து, நுனி மூடாமலே நின்றுவிடுகிறது. வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டிய பல் தொடக்கத்திலேயே பலவீனமாகிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: வலி என்றவுடன் கூழைக் கொல்வதோ பல்லைப் பிடுங்குவதோ வழக்கமாகிவிடக் கூடாது. 'இக்கூழ் உயிரோடு இருக்கிறதா, காக்க இயலுமா?' என்பதே முதற்கேள்வியாக வேண்டும். ஏழைகள் நாடிவரும் அரசு மருத்துவமனைகளில் இம்முறை பரவலாக வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு, நண்பர்களே. கிராம்புத் தைலத்தையும் வலி மாத்திரையையும் நம்பி மாதக்கணக்கில் நாள் கடத்துகிறோம். அதற்குள் கூழ் செத்துவிடுகிறது. பிறகு எந்தச் சிமென்டும் அதை எழுப்பாது. பல் கூசத் தொடங்கும்போதே மருத்துவரிடம் செல்லுங்கள். கூழைக் காக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.