கைக்கு முன்னே கால்

குத்துச்சண்டை பழக வரும் சிறுவன் முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கையுறை எப்போது தருவீர்கள்?" என்பதே அது. நல்ல ஆசான் அதற்கு மறுமொழி கூறார். தரையிலே வெண்கட்டியாற் கோடொன்று கீறி, "இதன்மேல் நடந்து காட்டு" என்பார். சிறுவனுக்குப் பெரிய ஏமாற்றம். கூட வந்த தந்தையாருக்கோ, நடை பழகவா மகனை இவ்வளவு தூரம் அழைத்து வந்தோம் என்ற மனத்தாங்கல். அந்தக் கோட்டைப் பற்றியே இவ்வாரம் நாம் பேச எண்ணுகிறோம்.

முதலில் நிற்கக் கற்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவன் இடக்காலை முன்னும் வலக்காலை பின்னும் வைப்பான். இடக்கைப் பழக்கமுள்ளவன் இதனை மாற்றிக்கொள்வான். கால்களுக்கிடையே ஏறக்குறையத் தோளகலம் இருக்கட்டும். முழங்கால்கள் சற்றே மடிந்திருக்க, பின்காலின் குதி தரையினின்றும் சிறிது உயர்ந்திருக்க வேண்டும். உடற்பாரம் இரு கால்களிலும் ஒத்து நிற்க வேண்டும்.

பின்னர் நகரக் கற்க வேண்டும். அதற்குரிய விதி ஒன்றே: எத்திசையிற் போக வேண்டுமோ, அத்திசைக்கு அண்மையிலுள்ள கால் முதலில் அசையும், மற்றக் கால் அதே அளவு பின்தொடரும். முன்னேற முன்கால், பின்வாங்கப் பின்கால், இடப்புறம் செல்ல இடக்கால், வலப்புறம் செல்ல வலக்கால். அடிகள் சிறியனவாக இருத்தல் வேண்டும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடவோ ஒட்டி நிற்கவோ கூடா. அவ்வாறு நின்றவனைக் குழந்தையும் தள்ளி வீழ்த்திவிடும்; தாங்கும் அடித்தளம் குறுகிவிடுவதே காரணம்.

எளிதென்று தோன்றும், செய்து பார்த்தால் தெரியும். பிறந்த நாள் முதலாகக் காலை மாற்றி மாற்றி வைத்தே நடந்து பழகிய உடம்பு இந்த விதிக்கு எளிதில் இணங்காது. புதியவன் தன் பாதங்களையே குனிந்து பார்ப்பான்; வீணாகத் துள்ளுவான்; எதிரி நெருங்கினால் நேர் பின்னாகவே ஓடிக் கயிற்றிலே முட்டுவான். பக்கமாக ஓரடி விலகத் தெரிந்தவனுக்கே வெளி கிடைக்கும்.

குத்தின் வலியும் காலிலிருந்தே பிறக்கிறது. பின்கால் தரையை உந்த, அவ்விசை இடுப்பிலும் தோளிலும் ஏறி முட்டியை அடைகிறது. கால் தவறினால் எஞ்சுவது கையின் வலி மட்டுமே.

1892 ஆம் ஆண்டு நியூ ஓர்லீன்ஸ் நகரிலே நடந்த போட்டி இதற்கோர் சான்று. அதுவரை வீரர்க்கெல்லாம் வீரராக விளங்கிய ஜோன் சலிவன் 212 இறாத்தல் நிறையுடையவர். எதிர்த்து நின்ற ஜேம்ஸ் கோர்பெட் 178 இறாத்தல். சலிவன் பாய்ந்து பாய்ந்து தாக்கினார். கோர்பெட்டோ அடியெட்டாதபடி விலகி விலகி நின்றார். 21 ஆவது சுற்றிலே களைத்துப்போன சலிவன் வீழ்ந்தார்.

நமது நாட்டவருக்கும் இக்கலை புதிதன்று. 1938 இல் சிட்னியிலே நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தவர் குத்துச்சண்டை வீரராகிய பார்னி ஹென்றிகஸ் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "தலையில் அடிபடுமே" என்று நீங்கள் அஞ்சுவது வெறும் பயமன்று. தலையிலே மீண்டும் மீண்டும் விழும் அடிகள் மூளைக்கு நிலையான கேடு செய்யும். தலைக்கவசமும் மூளை உள்ளே அதிர்வதை முற்றாகத் தடுக்காது. ஆனால் அடி விழும் இடத்தில் நில்லாதிருக்கச் செய்வது கால். ஆகவே பயிற்சிக்கூடத்தைத் தேர்பவர்கள் சுவரிலே தொங்கும் பதக்கங்களை எண்ண வேண்டாம். புதிதாக வந்த பிள்ளைக்கு அங்கே என்ன கற்பிக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். கால் பழகுமுன்னே கையுறை மாட்டி மேடையேற்றும் இடமாயின், பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.

காற்பயிற்சிக்கோ எவ்வித ஆபத்தும் இல்லை, செலவும் இல்லை. வீட்டு விறாந்தையின் சீமெந்துத் தரையும் ஒரு துண்டு வெண்கட்டியும் போதும். மூன்று நிமிடம் நகர்தல், ஒரு நிமிடம் ஓய்வு. மீண்டும் மூன்று நிமிடம். கயிறு தாண்டுதலையும் சேர்த்துக்கொண்டால் மூச்சும் வளரும். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமுரியதன்று இது. 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டி முதலாகப் பெண்களும் அவ்வரங்கிலே குத்துச்சண்டை புரிந்து வருகின்றனர்.

அடிக்கத் தெரிவதற்கு முன் விலகத் தெரிய வேண்டும். அதைச் சில மாதங்கள் பொறுமையுடன் கற்கும் பிள்ளைக்குச் சினத்தை அடக்கும் பழக்கமும் உடன் வருமென்பது நமது நம்பிக்கை. இனி ஒருநாள் மகன் தரையிலே கோடு கீறி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தால், தரை அழுக்காகிறதென்று தாய்மார் கோபிக்க வேண்டாம். அவன் தன் தலையைக் காக்கப் பழகுகிறான்.