எது பழைய முறை?

பழைய பாடலைப் பழைய முறையிலேயே பாட வேண்டும் என்று நம் ஆலயங்களில் ஒரு சாரார் வாதிடுகின்றனர். எது பழைய முறை? அவர்கள் இளமையில் கேட்ட ஆர்மோனிய இசையே! அக்கருவிக்குப் பாரிசு நகரில் காப்புரிமை பெறப்பட்டது 1842-இல். வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியதோ 1726-இல்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. செபஸ்தியான் பாக் 1727-இல் இசைத்த மத்தேயு பாடுகளை, 1829-இல் மெண்டல்சன் பெரும் பாடற்குழுவோடு பெர்லினில் மீட்டெடுத்தார். அப்பெருமுழக்கமே பாக்கின் மரபாக எண்ணப்பட்டது. 1970-இல் ஆர்னொன்கூர் பாக் காலத்துக் கருவிகளோடும் சிறுவர் குரல்களோடும் அதனை ஒலிப்பதிவு செய்தார். அவர் வற்புறுத்தியது ஒன்றே: இசை பேச வேண்டும்.

இதைக் கேட்டு, கீபோர்டின் தாளப்பொறியை முடுக்கும் இளையோர் மகிழ வேண்டா. தாளத்தின் விரைவில் நெடில் குறிலாய்ச் சிதைவது புதுமையன்று, சொற்கொலை.

மறைபரப்பு நாடுகளில் அவ்வம்மக்களின் இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்க 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. தமிழிசை மரபு தமிழ்ச் சொல்லில் தொடங்குகிறது. பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றாலயமாயினும் பெருநகரப் பேராலயமாயினும், பாடற்குழுவினர் முதலில் பாடலைச் சீர் பிரித்து, பொருளுணர்ந்து, உரக்கப் படிக்கட்டும். கருவியைப் பின்னர்த் தொடலாம். சொல் விளங்காத பாடலுக்கு மக்கள் எங்ஙனம் ‘ஆமென்’ என்பர்?