இறுகியதும் விரைவதும்

சென்ற திங்கள் 8ஆம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். 'குழந்தை ஆழ்ந்து உறங்குகிறது' என வரவேண்டிய மொழிபெயர்ப்பை 11 மாணவர் 'குழந்தை விரைவாக உறங்குகிறது' என எழுதியிருந்தனர். ஆங்கிலத் தொடரில் இருந்த சொல் 'பாசுட்டு'; விரைந்தோடும் தொடர்வண்டிக்கும் விரைந்து பந்தெறிவார்க்கும் வழங்கும் அதே சொல். பிள்ளைகள்மேல் பிழையில்லை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருளென நெட்டுருச் செய்வித்த நம்மேலதே பிழை.

அச்சொல்லின் முதற்பொருள் விரைவன்று. பழைய ஆங்கிலத்தில் அது உறுதி, அசையாமை, இறுகப் பிணிப்புண்டமை ஆகியவற்றையே குறித்தது. கப்பலைத் துறையிற் கயிற்றாற் பிணிக்கும் ஆங்கிலக் கப்பலோட்டி இன்றும் அச்சொல்லையே ஆள்கிறான். எத்துணை வெளுப்பினும் போகாத சாயத்திற்கும், பிரியா நட்பிற்கும், உறக்கத்தில் கட்டுண்டு கிடப்பவனுக்கும் அதுவே அடைமொழி. உறுதியாக ஊன்றி ஓடுதல் நாளடைவில் விரைந்து ஓடுதலாயிற்று. வினையடையில் முளைத்த அப்பொருள் 16ஆம் நூற்றாண்டளவில் பெயரடைக்கும் ஏறிற்று. அசையாமல் நின்ற சொல்லே ஓட்டத்திற்கும் உரியதாயிற்று! அதன் உடன்பிறப்பாகிய செருமானியச் சொல்லோ இன்று 'ஏறத்தாழ' என்னும் பொருளில் நிற்கிறது.

தமிழ்ச்சொற்கள் பலபொருள் தருவன. ஆதலின் அறிவியலுக்கு ஆகா என்று மேடைதோறும் முழங்குவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக. நிற்றலையும் ஓடுதலையும் ஒரே சொல்லால் உரைக்கும் ஆங்கிலத்தில் அறிவியல் வளராமற் போயிற்றா?

நம்மிடத்தும் இந்நிலை உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. 'கடி' என்னும் உரிச்சொற்குத் தொல்காப்பியம் 10 பொருள் கூறும். காப்பும் விரைவும் அவற்றுள் அடங்கும். கடிநகர் என்பது காவலமைந்த நகர். ஆங்குக் 'கடி'க்கு விரைவென்று பொருள் கொள்வார் யார்? கடுமையிலிருந்து கடுகுதல் வந்தது. வன்மை குறித்த 'வல்' என்னும் அடியிலிருந்து, விரைவு குறித்த 'வல்லே' வந்தது. இன்னும் வியப்பு, உண்ணாமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வுறுதிப்பொருள் வேரினதே. காலையுணவுக்கு அவர் இட்ட பெயர் அந்நோன்பை முறித்தல் என்பதே. நம் நோன்பும் பொறுத்தலையும் வலிமையையும் குறிக்கும் 'நோன்' என்பதன் வழியது.

இவ்வொப்புமையைக் கண்டதும், ஆங்கிலம் தமிழிற் பிறந்ததென எழுதுகோலை எடுக்கும் அன்பர்க்கு ஒரு சொல்: பொறுத்தருள்க. மாந்தர் உள்ளம் நடக்கும் வழி ஒன்றாயிருத்தல் வேறு. வேர் ஒன்றாயிருத்தல் வேறு. மிகைக்கூற்று நம் மெய்க்கூற்றையும் நகைப்பிற்கு இடமாக்கும்.

பள்ளி அகரமுதலிகள் சொல்லுக்கு நேர் ஒரு சொல்லை நிறுத்திவிட்டு ஒதுங்குதல் போதாது. தொடரைக் காட்டல் வேண்டும். சாயம் போகாத துணி, ஆழ்ந்த உறக்கம், விரைவு வண்டி என இடத்திற்கேற்ற தமிழ் ஆங்கே நிற்றல் வேண்டும். அகரமுதலி செய்வார் செய்யுமளவும் ஆசிரியர் கரும்பலகையிலேனும் எழுதலாம்.

யாம் மறுநாளே எழுதினோம். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, மணிப்பொறி பாசுட்டாக ஓடுகிறது என்கிறார்களே, அதற்கு?" என்றான். யாம் வாய்திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி விடையிறுத்தாள்: "முந்துகிறது."